எர்த்

பெட்ஃபோர்டில் மெர்வினிடம் வாங்கும்போதே
அதற்கு வயதாகியிருந்தது, தொழிற்சாலையிலேயே.
அறுபத்திரண்டாம் வருஷத்து பேஸ் கிடாரின் சாயல்;
பிறந்தது போன தை.
முழங்கை உரசும் இடத்தில் பெயின்ட்டை
யாரோ சம்பளத்துக்குத் தேய்த்திருந்தார்கள்.

ஆனி முழுக்கக் குன்னூரில் மிஸ்ட்டு.
சட்டை காயாது, உப்பு நீர்விடும்,
பேஸின் கழுத்து வில்லாய் வளையும்.
கால் சுற்று முறுக்கி, ஒரு ராத்திரி விட்டு,
மறுபடி கால் சுற்று.
அலன் கீ என்னோடு ஆபீஸுக்கும் வரும்.

பிக்கப்பை மாற்றினேன்.
கோயம்புத்தூரில் புதிதாகச் சுற்றிய செம்புக் கம்பி.
அப்படியும் இரைச்சல்.
ஈ.பி. ஆள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்:
"இந்த வீட்டுக்கு எர்த்தே இல்லையே சார்."
டீ குடித்தார், போனார்.

நேற்று சால்டரிங் அயர்ன் கை நழுவியது.
சன்பர்ஸ்ட் மேல் கறுப்பாய்
கட்டைவிரல் நகமளவு ஒரு தீய்ந்த இடம்.
"இனி விலை போகாது" என்றான் சிவலோகன்.
மற்றதெல்லாம் ஒட்டவைத்த தழும்பு,
இது ஒன்றுதான் பட்டது
என்று சொல்ல வாயெடுத்து
ஈயத்தைத் துடைத்தேன்.

மணி பதினொன்று.
கீழே பிலோமினாவுக்குக் காலையில் ஃபேக்டரி ஷிஃப்ட்.
வால்யூம் ஒன்றில்.
கூட்டை இழந்த வண்டு மாதிரி ஆம்ப் முனகுகிறது.
கம்பியில் விரல் வைத்தால் நிற்கிறது.
எடுத்தால் முனகல்.
வைத்தால் இல்லை.

இந்த வீட்டில் அதற்குக் கிடைத்த எர்த்
நான்தான் போல.
வாசிக்கவில்லை இன்னும்.
கையை எடுக்காமல்
உட்கார்ந்திருக்கிறேன்,
கால் மரத்துப்போகிறது.