வகையின் பெயர்

மயூர் விஹார், மூன்றாம் மாடி.
நான் குடிவந்தபோது பால்கனியில் எஞ்சியிருந்தது
விளிம்புடைந்த ஒரு தொட்டி, அதில் இறுகிய மண்.
கதவிடுக்கில்
டி.கே. முகோபாத்யாய் பெயருக்கு
இன்னும் வந்துகொண்டிருந்த மின்கட்டண ரசீது.

அக்டோபரில் சும்மா தண்ணீர் ஊற்றினேன்.
பத்தாம் நாள் பச்சையாய்த் தூசி.
பிறகொரு நாள் களையென்று கிள்ளப்போன விரலில்
பிசுக்கென்று ஒட்டிக்கொண்டது இலை.

பெட்டூனியா என்றார் நர்சரிக்கார பிந்தேஸ்வரி,
என் போனில் படத்தைப் பெரிதாக்கி.
பழைய ரகம், மேடம்.
நான் விற்பதெல்லாம் ஹைப்ரிட்,
அதன் பிள்ளை தாயைப்போல் வராது.
இது வரும்.

டிசம்பரில் பூத்தது,
துவைத்துத் துவைத்து வெளுத்த ஊதாவில்.
பகலில் மணமே இல்லை.
இரவு எட்டுக்கு மேல்
மெட்ரோவில் நசுங்கி வந்து ஷூவைக் கழற்றுகையில்
புகைமூட்டத்தின் கரிவாசத்தை விலக்கிக்கொண்டு
கிராம்பு போல ஏதோ.
விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

வாடியதைக் கிள்ளினால் மேலும் பூக்கும்.
கிள்ளாமல் விட்டால்தான் விதை.
நடுத்தண்டை மட்டும் விட்டுவைத்தேன்.
அது பழுத்து, கோணி,
கல்யாண வீட்டில் சட்டை மாற்றாத மாமன்போல நின்றது.

பிப்ரவரியில் காலனி மலர்க்காட்சி.
நடுவர் திருமதி சப்ரவால்
பேனா முனையால் அதைத் தொட்டார்.
இதை வெட்டியிருக்கலாமே?
அதில்தான் அடுத்த வருஷம் இருக்கிறது என்று சொல்ல
என் ஹிந்தி போதவில்லை.
இருக்கட்டும் என்றேன்.
படிவத்தைப் புரட்டி
வகையின் பெயர் என்ன என்றார்.

முகோபாத்யாய் என்றேன்.

எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

பரிசு டி பிளாக் டேலியாவுக்கு.
மறுநாள் கீழ்வீட்டு ஜஸ்பீர் மணியடித்தாள்,
அந்த முகோபாத்யாய் கொஞ்சம் கிடைக்குமா?

ஏப்ரல் வெயில் ஒரே வாரத்தில் கணக்கை முடித்தது.
வெள்ளைத்தாள் விரித்து, மின்விசிறியை நிறுத்தி,
மூச்சையும் பிடித்துக்கொண்டு
நெற்றைத் தொட்டேன். உடைந்தது.
மிளகுத்தூளைவிடப் பொடி.
ஹோமியோபதிக் குப்பியில் பாதி எனக்கு,
மீதி ஜஸ்பீருக்கு, ரசீதில் மடித்து.
பின்பக்கம் எழுதினேன்:
மண்ணுக்கு மேலே தூவு, மூடாதே,
வெளிச்சம் பார்த்தால்தான் முளைக்கும்.

முன்பக்கம் அவர் பெயர்,
எண்ணூற்று நாற்பது ரூபாய்.
நான்தான் கட்டினேன்.