ஏழாம் திருத்தம்

மண் பரிசோதனை அறிக்கை வந்தது:
பன்னிரண்டு அடி வரை களி, அதன்கீழ் மணல்,
மணலுக்குள் ஆறு.
அரசலாறு வறண்டு கிடக்கும் மாதத்திலும்
கும்பகோணத்தில் ஆறு அங்கேதான் இருக்கிறது.

கட்டப்போவது பயிர்க் காப்பீட்டு அலுவலகம்.
கோபுரத்தின் தோளைத் தாண்டாமல் இரண்டு மாடி.
மேற்குச் சுவரில் சுட்டமண் சல்லடை,
நாலு மணி வெயில் அதில் சலிபட்டு
மாவாக உள்ளே விழும்.
தெருவுக்குத் தெரியாத சாய்வில் சூரியத் தகடுகள்.
ஏசி, சர்வர் அறைக்கு மட்டும்.
மேலாளர் சிங்காரவடிவேல் மூன்று முறை கேட்டார்:
"எனக்குமா இல்லை?"

தரைத்தளத்தில் பதினோரு கார்கள் நிற்பதாக இருந்தது.
ஒருநாள் காலை ஆறு மணிக்கு
காலிமனையில் போய் நின்றேன்.
வாழையிலைக் கட்டுகள் அதன் வழியாகத்தான்
சந்தைக்குப் போயின.
ஒரு சைக்கிள். ஒரு டியூஷன் பை. இரண்டு ஆடுகள்.
தென்கிழக்கிலிருந்து வடமேற்காக
புல் முளைக்காத கோடு.
அளந்தேன், நாலடி இரண்டங்குலம்.
என் பென்சிலுக்கு முன்பே
யாரோ வரைந்துவிட்டார்கள்.

கார்களை அழித்தேன்.
ஆறாம் தூணையும் ஒன்பதாம் தூணையும் நகர்த்தினேன்.
கட்டமைப்புப் பொறியாளர் ஜெசிந்தா
பதினாறு நாள் பேசவில்லை.
பிறகு கணக்கை மட்டும் அனுப்பினாள்.
நின்றது.

'பொது வெளி' என்று எழுதி
ஒரு புங்கமரம், நீளமாய்க் கல்பெஞ்சு
போட்டுக் காட்டியபோது
இரவுக் காவலர் மாசிலாமணி கேட்டது ஒன்றுதான்:
"குழா எங்கம்மா?"

இருநூறு பக்கத் திட்ட அறிக்கையில்
மழை எங்கே போகும் என்று இருந்தது.
தாகம் எங்கே போகும் என்று இல்லை.

ஏழாம் திருத்தம்: இரண்டு குழாய்,
ஒரு கழிப்பறை, கதவு தெருப்பக்கம்.

கையெழுத்துக்கு முன் தலைவர் சொன்னார்,
ராத்திரிக்கு கேட் வேண்டும், பூட்டோடு.
வரைந்தேன். நல்ல கேட்தான்.
கொத்தனார்களுக்குப் போன பட்டியலில் அது
'இரண்டாம் கட்டப் பணிகள்' என்பதன் கீழ் இருக்கிறது.
நம்மூரில் எந்தக் கட்டடத்துக்கு
இரண்டாம் கட்டம் வந்திருக்கிறது?

ஐப்பசியில் வயல் மூழ்கிய வாரம்
விண்ணப்பத்தோடு வந்தவர்கள்
கவுண்டர் திறக்கும்வரை அங்கே இருந்தார்கள்.
ஒருவர் நனைந்த சிட்டாவைக் கல்பெஞ்சில் விரித்து
நாலு மூலைக்கும்
மிச்சம் கிடந்த ஜல்லி பொறுக்கி வைத்தார்.

வழக்கமான கோட்டில் வந்த ஆடு
நின்று அதைப் பார்த்தது.
மாசிலாமணி எழுந்தார்.