எட்டுத் துண்டுகள்

ரீகா டிராம் பணிமனைப் பலகையில்
ஒரு தாள் ஒட்டினேன்.
வயது பத்து என்று எழுதி, அடித்து,
பதினேழு என்றேன்.
காது கேட்காது. காலையில் அரை மாத்திரை,
வெண்ணெயில் பொதிந்தால்தான் இறங்கும்.
கடிக்காது.
இது பொய்; அப்படியே விட்டுவிட்டேன்.

போகிற வாடகை அறையில் பூனை ஆகாதாம்.
டாக்டர் வெல்டா வேறொரு வழி சொன்னாள்,
கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக.
வெள்ளிவரை பொறுங்கள் என்றேன்.

தாளின் அடியில் என் எண்ணை
எட்டு முறை எழுதிக் கத்தரித்திருந்தேன்.
யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம்
எட்டும் ஆடின,
மூன்று நாளாய்.

இன்று ஏழுதான்.
'யாரோ கிழித்திருக்கிறார்களே!' என்கிறான் மோட்ரிஸ்,
எனக்காக மகிழ்ந்து.
நான்தான், மோட்ரிஸ்.
ஒன்றுகூடக் குறையாத தாளை
யார் நின்று படிப்பார்கள்?

சீருடைப் பையில் என் எண்.
நாளை வியாழன்.