ஈயக்குண்டு

எடை மேடையில் ஏறினான் மிதுன்.
இருபது கிலோ நானூறு.
போன மாதம் பத்தொன்பதைக்கூடத் தொடவில்லை.

கடலூர் அரசு மருத்துவமனை, ஏ.ஆர்.டி. மையம்.
பதினோரு வருஷமாக இங்கே மாத்திரை எண்ணுகிறேன்.
இந்த மருந்தில் இருபது கிலோ ஒரு வாசல்.
அதைத் தாண்டினால்
தண்ணீரில் கரைக்கிற சின்ன மாத்திரை இல்லை.
பெரியவர்கள் மாத்திரை, ஒரே விழுங்கு.
“கல்யாண வீட்ல கேக்கறாங்க,
ஏன்டா டெய்லி வெள்ளத் தண்ணி குடிக்கறன்னு.”
போன முறை சொல்லியிருந்தான்.

இறங்கும்போது சத்தம் கேட்டது.
கால்சட்டைப் பை.
தேவனாம்பட்டினத்துப் பையனுக்கு
கனம் எங்கே கிடைக்கும் என்று தெரியாதா?
வலையில் கோக்கிற ஈயக்குண்டுகள்.
ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான்.
பதினேழு.

பெரியம்மா செண்பகவல்லி கையை ஓங்கினாள்,
பாதியிலேயே சிரித்துவிட்டாள்.
“ஈயம்டா, போய்க் கையைக் கழுவு” என்றேன்.
வேறென்ன சொல்ல.

அவர்களிடம் சொல்லாதது ஒன்று.
அலமாரியில் சின்ன மாத்திரை இல்லை.
இரண்டு வாரமாகச் சென்னையிலிருந்து
‘வரும்’ என்ற பதில் மட்டும் வருகிறது.
பெரிய மாத்திரை நாற்பது டப்பா
அடுக்கி வைத்திருக்கிறது.
இருபது நானூறு என்று எழுதிவிட்டால்
அன்றைய வேலை முடிந்தது.
குழந்தை கேட்டதும் கிடைத்தது.
பேனா மூடியைக் கழற்றினேன்.
மாட்டினேன்.
மறுபடி கழற்றி
பத்தொன்பது நானூறு என்று எழுதினேன்.

வீட்டில் நாலு நாளைக்கு இருக்கிறதாம்.

பாண்டிச்சேரியில் பிலோமினா இருக்கிறாள், கூடப் படித்தவள்.
அவள் அலமாரியில் இருக்கிறது.
ஒரு மணி நேரப் பஸ்.
ஆனால் அது வேறு அரசு, வேறு பதிவேடு.
கடன் கேட்கக் கடிதம்,
கடிதத்துக்குக் கையெழுத்து,
கையெழுத்துக்கு அலுவலர்,
அலுவலர் மகள் பிரசவத்துக்குத் திருச்சி போயிருக்கிறார்.

சனிக்கிழமை நான் போனேன்.
“எண்ணித் திருப்பித் தரணும்டி” என்றாள் பிலோமினா.
என் செல் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி
அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள்,
அது தெரியாத எண் என்பது போல.

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பஸ் நின்றது.
போலீஸ்காரர் ஏறி
ஒவ்வொரு பையாக அழுத்திப் பார்த்தார்.
எனக்குப் பின்சீட்டு மனிதர்
இடுப்பில் மூன்று குவார்ட்டரோடு உட்கார்ந்திருந்தார்,
பஸ்ஸுக்கே தெரியும்.
என் பை கிலுகிலுத்தது.
“என்னம்மா இது?”
“கொழந்தைங்க மாத்திர.”
“அவ்ளோதானா” என்று இறங்கிவிட்டார்.

அவ்வளவுதான்.
பிராந்தி தினமும் கடக்கிற கோட்டை
இது கடக்க
ஒரு சிநேகிதி வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, துறைமுகத்துக்குப் போகிற வழியில்
செண்பகவல்லி வாங்கிக்கொண்டாள்.
லேபிளை நகத்தால் சுரண்டினாள்,
முந்தானையில் முடிந்து வந்த பஞ்சை
டப்பாவுக்குள் அடைத்தாள்.
காதருகே ஆட்டிப் பார்த்தாள்.
சத்தமில்லை.
கூடையில் ஈரச் சாக்குக்கு அடியில் வைத்துவிட்டு
“பக்கத்துச் செவுரு மெல்லிசு” என்றாள்.

போன வாரம் சரக்கு வந்தது,
கேட்டதில் பாதி.
முதலில் பிலோமினாவுக்கு எண்ணி எடுத்து வைத்தேன்.
பதினாறு குண்டுகளை அன்றே பெரியம்மா கொண்டுபோய்விட்டாள்.
மேசைக்கு அடியில் உருண்டிருந்த ஒன்று
இப்போது மின்விசிறிக்குக் கீழே
அடுத்த கோரிக்கைத் தாளை அழுத்திக்கொண்டிருக்கிறது.

இன்று மிதுன் மேடை ஏறுமுன்
நான் கேட்காமலே இரண்டு பையையும்
வெளியே இழுத்துக் காட்டினான்.
மணல், ஒரு பஸ் டிக்கெட், கடித்த முறுக்கு.
பத்தொன்பது எழுநூறு.
“முட்ட சாப்புடு” என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
“முறுக்க கையில வெச்சிக்கிட்டு நிக்கட்டா?”