இடது தோள் கணக்கில் இல்லை

குவோபியோ மருத்துவமனை, மூன்றாம் மாடி.
நவம்பரில் பிற்பகல் மூன்றரைக்கே
ஜன்னலில் என் முகம்தான் தெரிகிறது.
ரியிக்கா தாளை நீட்டுகிறாள்,
ஐந்தாம் ஆண்டுக் கேள்விகள்:
சட்டை மாட்ட முடிகிறதா?
தலைக்கு மேல் அலமாரியில் தட்டு வைக்க?
முதுகை நீங்களே தேய்க்கிறீர்களா?
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?

எந்தத் தோளுக்கு என்றேன்.
வலதுக்கு மட்டும், வுவோக்கோ.
இடது ஆய்வில் இல்லை.

முப்பத்தொரு வருடம்
ஊரார் வீட்டு உட்கூரைகளுக்கு
வெள்ளையடித்தவள் நான்.
அண்ணாந்து அண்ணாந்தே தேய்ந்தன இரண்டும்.
முதலில் போனது இடது.
டாக்டர் ஹெய்னோனென்
இருந்ததை இருந்தபடியே வைத்தார்:
குமிழ் இருந்த இடத்தில் உலோகக் குமிழ்,
குழி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குழி.
தண்டில்லாத வகை.
எலும்புக்குள் ஆழ இறங்காது,
மரக்கட்டையில் காளான் மாதிரி
மேலோடு உட்கார்ந்திருக்கும்.

வலது போனபோது ஆய்வு தொடங்கியிருந்தது.
"எது நல்லதென்று எங்களுக்கே தெரியாது" என்றார்.
டாக்டர் வாயில் அந்தச் சொல்லை
அறுபத்தாறு வயதில்தான் கேட்டேன்.
கையெழுத்துப் போட்டதே அதற்காகத்தான்.
உறையைப் பிரித்தார்கள்.
தலைகீழ் வகை விழுந்தது.

குழி இருந்த இடத்தில் குமிழ்,
குமிழ் இருந்த இடத்தில் குழி.
உள்ளே வெளியே மாற்றிப் போட்ட சட்டை.
நாளைக்குத் தசைநார் கிழிந்தாலும் கை எழுமாம்,
தோளின் மேல்தசை ஒன்றே தூக்கிவிடுமாம்.

தூக்குகிறது.
மீன் பொரிக்கும் இரும்புச் சட்டியை
மேல்தட்டில் ஏற்றுவது வலதுதான்.
பின்னால் மட்டும் போகாது.
உள்ளாடைக் கொக்கிக்குப் போகாது.
கழிவறையில் (எழுதிக்கொள், வெட்கமில்லை)
இடக்கைக்கு மாறிவிட்டேன்.

இடதோ நடுமுதுகுவரை போகும்.
சவுனாவில் பிர்ச் இலைக்கட்டால்
தன்னையே விளாசிக்கொள்ளும்.
ஆனால் போன வாரத்து எக்ஸ்ரேயில்
குழியின் ஓரமாக ஒரு மெல்லிய கருங்கோடு,
முன்பு இல்லாதது.
ஹெய்னோனென் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்,
பிறகு என் பேரன் படிப்பை விசாரித்தார்.

ரியிக்கா, யோசித்துப் பார்:
ஒரே ரத்தம், ஒரே ரொட்டி, ஒரே தூக்கம்,
இரண்டு வகையும் ஓர் உடம்பில்.
உங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவள் பேனாவை மூடினாள்.
"நீங்கள் ஒருத்தர்தானே."

'வேறு ஏதேனும்?' என்று கடைசியில் ஒரு கட்டம்.
எழுதினேன்:
மே மாதம், பனி போன பிறகு,
கல்லவேசி ஏரியில் படகு வலிக்கிறேன்.
வலது இழுப்பு ஒரு சாண் முன்னதாகவே நின்றுவிடும்.
படகு என் வலப்பக்கம் வளைந்துகொண்டே போகும்.
கரையிலிருந்து டவுனோ
குடித்திருக்கிறாயா என்று கத்துவான்.
பத்து வலிப்புக்கு ஒருமுறை
வலதுக்கு மட்டும் ஒன்று கூடுதல்.
அப்படித்தான் வீடு சேர்கிறேன்.

கட்டம் போதாமல் தாளின் ஓரமாக ஏறிப்போனது எழுத்து.
ரியிக்கா முழுக்கப் படித்தாள்; சிரித்தாள்.
கணினியில் ஏற்றியது: வலது. வலி, இரண்டு.

மேல்கோட்டை எடுத்தேன்.
முதலில் வலது நுழையும், முரண்டு பிடிப்பதால்.
பிறகு இடது
முதுகுக்குப் பின்னால் போய்
இருட்டில் தடவி
தன் கையைத் தானே தேடிக்கொள்ளும்.