நாற்பது நிமிடம்

வானத்துக்கு எல்லையில்லை என்று எழுதியவர்கள்
ஒருநாளும் படிவம் நிரப்பியிருக்கமாட்டார்கள்.
என் வானம்
பதினொரு பக்கம், இரண்டு பிரதி,
கடவுச்சீட்டு அளவில் ஒரு முகம்.

லெத்பிரிட்ஜில் காற்று
நின்று கதைக்கிற ஆளில்லை.
மேற்கு மலையால் இறங்கி
லொறியைக் கவிழ்த்துவிட்டுத் தன் பாட்டில் போகும்.
அந்தக் காற்றில் கதவைத் தோளால் அணைத்தபடி
என் சுவிஸ் உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்
டுவேன் ஹ்ரிசாக், பயிற்றுநர், வயது இருபத்தாறு.
"படம் நல்லாயிருக்கு" என்றான்.
"ஆனால் இது இங்கே பறக்காது."

சட்டப் பரீட்சை. மருத்துவச் சான்று.
என் இதயம் கீறிய கோடு ஒட்டாவாவுக்குப் போய்
ஒன்பது கிழமை திரும்பவில்லை.
டேபரில் சீனிக்கிழங்கு ஆலையில் இரவு வேலை,
பகலில் நான் மாணவி,
ஐம்பத்தொரு வயதில்.

பீலில் நாங்கள் இரண்டு பேர்,
நானும் ஜெயவதனியும்.
கடிகார ஆலையில் ஒரே மேசை,
முள் பொருத்துகிற வேலை.
சனிக்கிழமைகளில்
பாதிப் பாதிக் காசு போட்டு வாடகைக்கு
ஒரு கிழட்டு பைப்பர்.
சக்கரம் தரையைத் தொட்டால் ரசீது.
மத்தியானம் ஊர் சாப்பிடும், சத்தம் கூடாது.
பெற்றோல் விலையைக் கேட்டால்
வைன் மலிவு என்று தோன்றும்.

பறந்தோம் என்று சொன்னால் பொய்.
மணித்தியாலம் சேர்த்தோம்.
இரண்டாம் வருடம் முடியமுன்
பன்னிரண்டு காட்டவேண்டும்;
சீட்டுக் கட்டுகிறமாதிரி
மாதம் ஒன்று, மாதம் ஒன்று.

வதனி பதினொன்று இருபதில் நின்றாள்.
கடைசிச் சனி மூடுபனி.
ஞாயிறும் மூடுபனி.
திங்கள், திகதி முடிந்தது.
திரும்பப் பிடிக்க ஒரு பரீட்சகர், ஒரு கட்டணம்;
அந்த மாதம்தான்
மகனின் பல்லுக்குக் கம்பி.

பிறகு அவள் வரவில்லை.

விதியில் பிழை சொல்லமாட்டேன்.
பழக்கம் விட்ட கை ஆளைக் கொல்லும்,
கண்டிருக்கிறேன்.
ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில்
அவள் எதை மறந்திருப்பாள் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

இங்கே உரிமம் செத்துப்போவதில்லை,
உறங்கும்.
ஆறு மாதத்துக்குள்
ஐந்துதரம் எழும்பி ஐந்துதரம் இறங்கினால்
இன்னொரு உயிரை ஏற்றலாம்.
கோல்டேலுக்குத் தெற்கே புல் ஓடுபாதை,
காசு கேட்க ஆளில்லை.
நடுவில் ஒரு கொயோட்டி
வழி விடுவோமா என்று யோசித்தது.
முதலாவது துள்ளியது.
இரண்டாவதைப் பற்றிக் கேட்கவேண்டாம்.
ஐந்தாவதில்
எப்போது தொட்டேன் என்றே தெரியவில்லை;
அதைப் பார்க்க
கொயோட்டிகூட நிற்கவில்லை.

யூலையில் வதனி வந்தாள்.
வலப்பக்கச் சீட்டில் இருத்தி வாரைப் பூட்டினேன்.
கீழே கனோலா மஞ்சள், பாசன வாய்க்கால்,
ஆற்றுக்கு மேலே அந்த நெடிய ரயில் பாலம்.
எல்லாரும் வாய்விட்டுக் கத்துகிற இடம்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கைகள் மடியில், பயணியின் கைகள்.
ஆனால் நான் இடப்பக்கம் சரித்தபோது
அவள் பாதம் அசைந்தது,
மிதியைத் தொடாமல்,
நான் மிதித்த அதே கணத்தில்,
நான் மிதித்ததைவிடக் கொஞ்சம் திருத்தமாக.

இறங்கியதும் மணிக்கூட்டைப் பார்த்தாள்.
தொழில் பழக்கம்.
"நாற்பத்திரண்டு" என்றாள்.

பதிவேட்டில் என் வரியில் எழுதினேன்.
பயணிக்கு வரி கிடையாது.
முன்கண்ணாடி முழுக்கப் பூச்சி.
மெல்லிய துணியொன்றைக் கொடுத்தேன்.
வாங்கி, மூக்கைச் சுற்றிப் போய்,
துடைக்கத் தொடங்கினாள்
நான் இருந்த பக்கத்திலிருந்து.