மஞ்சள் குறி

டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளி.
சூரியன் போய் ஐந்து வாரம்.
உம்மன்னாக் வளைகுடா இன்னும் உறையவில்லை.
படகுகள் போகின்றன, வருகின்றன.
போகக் கூடாது, கோட்டா முடிந்தது என்ற தாள்
புதன்கிழமையிலிருந்து மீன் ஆலைக் கதவில் இருக்கிறது.
கையெழுத்து நூக்கிலிருந்து வந்தது.
பசை என்னுடையது.

என் வேலை தராசு.
மீன் வரும், எடை சொல்வேன்;
பத்தில் ஒன்றைப் பலகையில் கிடத்தி
மூக்கிலிருந்து வால்வரை அளப்பேன்.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. ஐம்பத்தொன்று.
வருடத்துக்கு ஒரு படியாக இறங்கும் இந்தப் படிக்கட்டை
என் கையாலேயே கட்டியிருக்கிறேன்.
ஆய்வுக்கூடத்து தோர்கில் அதை ஒரு வளைகோடாக்கி
விளையாட்டு அரங்கின் திரையில் காட்டினான்.
"உன் கோடு நீந்துமா?" என்றது பின்வரிசை.
நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஹாலிபட்டுக்கு ஒரு கண்
பாதி வழி ஏறி, நெற்றி விளிம்பில் நின்றுவிடும்.
மற்றத் தட்டைமீன்களைப்போல
ஒரே பக்கத்துக்குப் போய்ச் சேராது.
அங்கிருந்து அது இரு பக்கமும் பார்க்கும்.

எந்தத் தாளிலும் இல்லாத விதி ஒன்று இங்கே இருந்தது.
கடல் கெட்டியாகத் தொடங்கும்.
படகுக்கு அதிகம், நாய்வண்டிக்குப் போதாது.
அப்படியே ஆறு வாரம்.
நாய்கள் குரைத்துச் சலிக்கும்,
வீட்டுக்கு வீடு சண்டை,
எண்ணூறு மீட்டர் கீழே மீனுக்கு விடுமுறை.
பனிதான் அன்று அதிகாரி.
கூட்டம் போடாது, விளக்கம் தராது,
மீறிப் போனவனைத் திருப்பி அனுப்பவும் செய்யாது.
ஆறு வாரம் பத்து நாளாகச் சுருங்கியது.
இந்த வருடம் அதுவும் வரவில்லை;
அதன் இடத்துக்குத்தான் நான் பசை தடவினேன்.

இரவு ஒன்பதுக்கு உல்லோரியாக் வந்தான்.
நாய்களை விற்று வாங்கிய படகு,
மிச்சம் வங்கியுடையது.
பதினோரு பெட்டிகளைத் தார்ப்பாயில் மூடியிருந்தான்.
நான் எண்ணியதை அவன் பார்த்தான்.
ஒரு மீனை மட்டும் தூக்கி மேசையில் வைத்தான்.
முதுகில், பாசி படிந்த மஞ்சள் இழை.
4061.

ஒன்பது வருடம் முன்பு, ஆய்வுக் கப்பலில்
ஊசி பிடித்தது நான்தான்.
விரல் மரத்து 4060 நழுவி, தளத்தில் அடிபட்டுச் செத்தது.
அடுத்ததை மார்போடு அணைத்துக் குத்தினேன்.
அன்று நாற்பத்தொன்பது.
இன்று பலகை அறுபத்துமூன்று என்கிறது.
என் மகன் பள்ளி முடித்து, மீசை வைத்து, மழித்தும்விட்டான்;
இது பதினான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது.

தலையைப் பிளந்து செவிக்கல்லை எடுத்தேன்.
விளக்கில் பிடித்தால் வளையம் தெரியும்:
குளிர்காலம் நெருக்கி, கோடை விரித்து.
ஓரத்து வளையங்களில்
எது குளிர்காலம் என்று எனக்குப் பிரிபடவில்லை.
தோர்கிலுக்குப் பிரிபடலாம்.

குறியைத் திருப்பித் தந்தால் நூறு குரோனர்.
படிவம் கேட்பது நான்கு.
எங்கே, எவ்வளவு ஆழம், யார், என்றைக்கு.
"செவ்வாய்னு போடேன்" என்றான்.

செவ்வாய் என்றால் மீன் உண்மை,
ஆழம் உண்மை, இவன் உண்மை.
மூன்று நாள் மட்டும் பொய்.
ஒன்பது வருடத்தில் மூன்று நாளைக்
கல்லில்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

பெயர்க் கட்டம் வந்ததும்
எழுத்து எழுத்தாகச் சொன்னான்,
ஒரே வகுப்பில் படித்ததை மறந்தவன்போல.
பிறகு பேனா எழுதவில்லை.
வாயருகே வைத்து ஊதினேன்.
வெளியே எஞ்சினை அவன் அணைத்திருக்கவில்லை.

வெள்ளி, என்று எழுதினேன்.

குனிந்து படித்தான்.
கையுறையைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.
கதவைத் திறந்தபோது தாள் படபடத்தது,
ஒரு மூலை பிய்ந்திருந்தது.
அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு
திரும்பாமல் கேட்டான்:

"அந்த நூறு குரோனர் எப்ப வரும்?"